பெயரில்லாத பட்டியல்

உலகில் இன்று ஏறக்குறைய 820 கோடிப் பேர் வாழ்கிறோம். இவர்களில் யாராவது ஒருவரை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். ‘ஆம்’, ‘இல்லை’ என்று மட்டும் விடை சொல்லக்கூடிய கேள்விகளை நான் கேட்கிறேன். ஒவ்வொரு கேள்வியும் மிச்சமிருப்பவர்களைச் சரிபாதியாகப் பிரிக்கும்படி அமைந்துவிட்டால், 10 கேள்விகளில் 820 கோடி 80 லட்சமாகச் சுருங்கும். 20 கேள்விகளில் சுமார் 7,800 பேர். 30 கேள்விகளில் ஏழெட்டுப் பேர். 33ஆவது கேள்விக்கு விடை வந்ததும் நீங்கள் நினைத்த ஆள் யார் என்று தெரிந்துவிடும். அவருடைய பெயரை நான் ஒருமுறைகூடக் கேட்டிருக்க மாட்டேன்.

இப்படிப்பட்ட ஒரு கேள்வியின் விடையில் இருக்கும் தகவலின் அளவுக்குத்தான் ‘பிட்’ என்று பெயர். 1948இல் கிளாட் ஷானன் எழுதிய கட்டுரை தகவலை இப்படி அளக்கக் கற்றுக்கொடுத்தது. அவருடைய கணக்கில் ஒரு முக்கியமான நுணுக்கம் உண்டு. எல்லா விடைகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. ‘அவர் பெண்’ என்றால் ஒரு பிட். ‘அவர் பிப்ரவரி 29ஆம் தேதி பிறந்தவர்’ என்றால் பத்தரை பிட். ஒரே விடையில் பத்துக் கேள்விகளின் வேலை முடிந்துவிடுகிறது. அரிதான செய்தி எதுவோ அதுவே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

இணையத் தொல்லைகளைப் பற்றிய புத்தகங்கள் கடவுச்சொல், வைரஸ், ஹேக்கர் என்று தொடங்குவது வழக்கம். நான் இந்தக் கணக்கிலிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து மிரட்டுகிறவனுக்குக் கணினியை உடைத்து நுழையும் திறமை பெரும்பாலும் தேவைப்படுவதே இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் எந்தத் தீங்கும் இல்லாத நாலைந்து தகவல்களை ஒன்று சேர்க்கத் தெரிந்தால் போதும். 33 பிட்டையும் அவன் தேட வேண்டியதில்லை. அவள் எந்த ஊர், எந்தக் கல்லூரி என்பது தெரிந்திருந்தால் பாதிக்கு மேல் ஏற்கெனவே அவன் கையில் இருக்கிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களுக்கான காப்பீட்டைக் கவனிக்கும் ஆணையம் ஒன்று உண்டு. 1990களின் நடுவில் அது, சுமார் 1,35,000 ஊழியர்கள், குடும்பத்தினரின் மருத்துவமனைப் பதிவுகளை ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. நல்ல நோக்கம்தான். பெயர், முகவரி எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத்தான் கொடுத்தார்கள். நோயாளிகளின் அந்தரங்கம் பத்திரமாக இருக்கிறது என்று ஆளுநர் வில்லியம் வெல்ட் மக்களுக்கு உறுதி சொன்னார்.

அப்போது எம்.ஐ.டி.யில் ஆய்வு மாணவியாக இருந்த லடான்யா ஸ்வீனிக்கு அந்த உறுதியில் நம்பிக்கை இல்லை. ஆளுநர் வெல்ட் கேம்பிரிட்ஜ் நகரவாசி என்பது ஊரறிந்த செய்தி. 20 டாலர் கொடுத்து அந்த நகரத்தின் வாக்காளர் பட்டியலை ஸ்வீனி வாங்கினார். அதில் 54,000 பேரின் பெயர், முகவரி, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு இருந்தன. மருத்துவப் பதிவுகளில் பெயர் இல்லை. ஆனால் பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் நீக்கப்படாமல் இருந்தன. வாக்காளர் பட்டியலில் ஆளுநரின் பிறந்த தேதியைக் கொண்டவர்கள் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூவர். ஆளுநரின் அஞ்சல் குறியீட்டில் வசித்தவர் ஒரே ஒருவர். மக்களுக்கு உறுதி சொன்னவரின் மருத்துவப் பதிவே ஸ்வீனியின் மேசைக்கு வந்துவிட்டது.

இந்தக் கதை பின்னாளில் அளவுக்கு மீறி எளிமையாகச் சொல்லப்பட்டது என்ற விமர்சனமும் உண்டு. கேம்பிரிட்ஜில் அப்போது வாழ்ந்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். வாக்காளர் பட்டியலில் வராத இன்னொருவருக்கும் அதே தேதி, அதே குறியீடு இருந்திருக்கலாம் அல்லவா? சரியான கேள்விதான். அந்த இடைவெளியை நிரப்பியது நாளிதழ்ச் செய்தி. 1996 மே மாதம் ஒரு கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் ஆளுநர் மயங்கி விழுந்ததும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும் எல்லாரும் படித்த செய்தி. விமர்சனம் கதையைப் பலவீனப்படுத்தவில்லை என்பது என் எண்ணம். ஒரு பட்டியல் போதாதபோது இரண்டாவது, அதுவும் போதாதபோது ஒரு செய்தித் துணுக்கு என்று தகவல்கள் ஒன்றுக்கொன்று கை கொடுக்கும் விதத்தைத்தான் அது காட்டுகிறது.

2000இல் ஸ்வீனி இன்னொரு கணக்கை வெளியிட்டார். 1990ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, அஞ்சல் குறியீடு, பாலினம், முழுப் பிறந்த தேதி ஆகிய மூன்றும் சேர்ந்தால் அமெரிக்கர்களில் 87 விழுக்காட்டினரை ஒற்றை ஆளாகப் பிரித்தெடுத்துவிடலாம் என்றார். 2006இல் ஃபிலிப் கோல் என்ற ஆய்வாளர், அடுத்த கணக்கெடுப்பின் தரவை வைத்துச் சரிபார்த்து, அது 63 விழுக்காடுதான் என்றார். குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும் ஏறக்குறைய மூவரில் இருவர்.

நம் நாட்டுக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உறைக்குப் பின்னால் எழுதிப் பார்க்கக்கூடிய எளிய கணக்குதான். இந்திய மக்கள்தொகை 140 கோடி, பின்கோடுகள் சுமார் 19,000. ஒரு பின்கோட்டுக்குச் சராசரியாக 74,000 பேர். 80 ஆண்டுகளுக்குள் வரக்கூடிய பிறந்த தேதிகள் 29,200. ஆண், பெண் என்று பிரித்தால் 58,400 பெட்டிகள். 74,000 பேரை 58,400 பெட்டிகளில் போட்டால் ஒரு பெட்டிக்கு ஒன்றேகால் பேர். அமெரிக்காவில் 1990இல் ஒரு அஞ்சல் குறியீட்டுக்குச் சராசரி 8,500 பேர்தான். அங்கே ஏழு பெட்டிகளில் ஆறு காலியாகவே கிடக்கும். நம் நெரிசல் நமக்குச் சற்றே மறைவு தருகிறது, ஆனால் சற்றேதான். பெட்டியில் தனியாக இருப்பவர்களும் கோடிக்கணக்கில் உண்டு, இரண்டு மூன்று பேர் இருக்கும் பெட்டிகளில் படித்த பள்ளியோ பார்க்கும் வேலையோ ஒன்று தெரிந்தால் முடிந்தது.

இந்தச் சராசரி எல்லாருக்கும் ஒரேமாதிரி பொருந்தாது. நம் தாத்தா பாட்டி தலைமுறையில் பலருக்குப் பிறந்த தேதி என்பது பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் எழுதிக்கொண்டது. மே, ஜூன் மாதங்களில் ‘பிறந்தவர்கள்’ அந்தத் தலைமுறையில் ஏராளம். ஒரே தேதியில் பலர் குவிந்திருப்பதால் அவர்களுடைய பெட்டியில் கூட்டம் அதிகம். தெரியாமலே கிடைத்த பாதுகாப்பு அது. மருத்துவமனைச் சான்றிதழோடு துல்லியமான தேதியில் பிறந்து, அந்தத் தேதியில் ஆண்டுதோறும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கேக் படத்தோடு வாழ்த்துப் பெறும் பிள்ளைகளுக்கு அது இல்லை.

நம் ஊர் வாக்காளர் பட்டியலையும் பாருங்கள். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், பாலினம், வயது எல்லாம் அதில் இருக்கின்றன. பிறந்த தேதி இல்லை. கேம்பிரிட்ஜ் பட்டியலுக்கும் நம் பட்டியலுக்கும் உள்ள இந்தச் சிறு வேறுபாடு, பெட்டியின் கூட்டத்தை 365 மடங்கு பெருக்குகிறது.

*

பிறந்த தேதி என்றால் அடையாளம் என்பது எல்லாருக்கும் புரியும். நாம் பார்த்த சினிமா?

2006 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் ஒரு போட்டி அறிவித்தது. தன் பரிந்துரை முறையை 10 விழுக்காடு மேம்படுத்துபவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு. பயிற்சிக்காக, சுமார் 4,80,000 சந்தாதாரர்கள் படங்களுக்கு இட்ட 10 கோடி மதிப்பெண்களைப் பெயரின்றி வெளியிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த அரவிந்த் நாராயணனும் அவருடைய ஆசிரியர் விட்டாலி ஷ்மாட்டிகோவும் அந்தத் தரவை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் மதிப்பெண் இட்ட எட்டுப் படங்கள் தெரிந்தால் போதும் என்று கண்டார்கள். அந்த எட்டில் இரண்டு முழுக்கத் தவறாக இருக்கலாம். தேதிகள் இரண்டு வாரம் முன்னே பின்னே இருக்கலாம். அப்படியும் 99 விழுக்காடு பதிவுகள் ஒற்றை ஆளுக்கே பொருந்தின.

ஏன் இவ்வளவு எளிது? எல்லாரும் பார்த்த வெற்றிப்படம் ஒன்றும் சொல்லாது. யாரும் பார்க்காத இரண்டு மூன்று படங்கள் ஒவ்வொருவர் வரிசையிலும் இருக்கும். அவை பிப்ரவரி 29 போல. ஐ.எம்.டி.பி. என்ற திரைப்படத் தளத்தில் சொந்தப் பெயரில் விமர்சனம் எழுதியவர்களோடு ஒப்பிட்டு, பெயரில்லாப் பட்டியலில் இருவரை அவர்கள் அடையாளம் கண்டும் காட்டினார்கள். அந்த இருவரும் வெளிப்படையாக எழுதாத படங்களும் இப்போது தெரிந்துவிட்டன. அவற்றிலிருந்து அரசியல் சாய்வு, சமய நம்பிக்கை, பாலின விருப்பம் எல்லாவற்றையும் ஊகிக்க முடியும். தன் பாலின விருப்பத்தை ஊருக்குச் சொல்லாமல் வாழ்ந்த ஒரு தாய் 2009 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் மீது வழக்குத் தொடுத்தார். அடுத்த மார்ச்சில் இரண்டாவது போட்டியை நிறுவனம் கைவிட்டது.

அதே 2006இல் ஏ.ஓ.எல். நிறுவனம், ஆறரை லட்சம் பேரின் மூன்று மாதத் தேடல்களைப் பெயருக்குப் பதில் எண் போட்டு ஆய்வுக்காக வெளியிட்டிருந்தது. அந்தத் தேடல் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பெண்ணின் வீட்டு வாசலுக்கே போய்விட்டார்கள். நோய், பயம், தனிமை, அக்கம்பக்கம் என்று நாம் வேறு யாரிடமும் கேட்காததையெல்லாம் தேடுபொறியிடம் கேட்கிறோம். அந்தப் பட்டியலைவிட அந்தரங்கமான ஒன்றை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இடமும் அப்படித்தான். 2013இல் இவ்-அலெக்ஸாண்டர் டி மோன்ஜோயேவும் உடன் ஆய்வாளர்களும் 15 லட்சம் பேரின் 15 மாதக் கைபேசிப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். எந்த மணி நேரத்தில் எந்தக் கோபுரத்தின் அருகே இருந்தார் என்ற விவரம் நான்கு தெரிந்தால், 95 விழுக்காட்டினரைத் தனித்துப் பிரித்துவிட முடிந்தது. இரவில் தூங்குமிடம், பகலில் வேலை செய்யுமிடம் இரண்டுமே நம்மில் பலருக்கு வேறு யாரோடும் ஒத்துப்போகாது.

பெயரை நீக்குவது போதாது என்றால் அதைச் சங்கேதமாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். பல நிறுவனங்கள், ‘உங்கள் எண்ணை நாங்கள் ஹாஷ் செய்துதான் வைத்திருக்கிறோம்’ என்கின்றன. ஹாஷ் என்பது எந்தத் தகவலையும் ஒரு நீண்ட எழுத்துக்கோவையாக அரைத்துத் தரும் கணிதச் செயல்முறை. அரிசியை மாவாக்கலாம், மாவை அரிசியாக்க முடியாது, ஹாஷும் திரும்பாது. ஆனால் எல்லா அரிசியையும் அரைத்து வைத்துக்கொண்டு, எந்த மாவு எதனுடையது என்று ஒப்பிட முடியுமே! நியூயார்க் நகரத்தில் 2013ஆம் ஆண்டு டாக்ஸிகள் ஓடிய 17 கோடிக்கும் அதிகமான பயணங்களின் தரவு அடுத்த ஆண்டு தகவல் உரிமைக் கோரிக்கை ஒன்றின்மூலம் வெளியானபோது வண்டி எண்களெல்லாம் ஹாஷ் செய்யப்பட்டிருந்தன. சாத்தியமான வண்டி எண்களே இரண்டு கோடிச் சொச்சம்தான். விஜய் பாண்டுரங்கன் என்ற மென்பொருளாளர் அத்தனையையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டு, சிறிது நேரத்தில் எல்லா எண்களையும் மீட்டுவிட்டார். பிறகு இன்னொருவர், டாக்ஸியில் ஏறும் நடிகர்களின் பத்திரிகைப் படங்களில் தெரிந்த வண்டி எண்ணை வைத்து, அவர்கள் எங்கே இறங்கினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைச் சொன்னார்.

நம் கைபேசி எண் பத்து இலக்கம். 6, 7, 8, 9 ஆகியவற்றில்தான் தொடங்கும். ஆக அதிகபட்சம் 400 கோடி எண்கள். பெரிதாகத் தோன்றும், வீடியோ கேம் விளையாட வாங்கும் கணினியின் வரைகலை அட்டைக்குச் சில விநாடி வேலை. ஆகவே ‘ஹாஷ் செய்தோம்’ என்ற சொல்லை மட்டும் நம்பி எண்ணைக் கொடுக்காதீர்கள்.

*

இதுவரை சொன்னவற்றில் ஆராய்ச்சியாளர்கள்தான் வருகிறார்கள். அவர்கள் கண்டுபிடித்ததைப் பொறுப்போடு அறிவித்தார்கள். அதே கணக்கை வன்மத்தோடு போடுகிறவர்களைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும்.

1999இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், பள்ளி நாளிலிருந்து ஓர் இளம்பெண்ணின் மீது வெறி கொண்டிருந்த ஒருவன், இணையத்தில் தகவல் விற்கும் நிறுவனம் ஒன்றுக்குப் பணம் கட்டி அவளைப் பற்றிக் கேட்டான். அவளுடைய சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கொடுத்தார்கள். பிறகு வேலை செய்யுமிடத்தையும் கொடுத்தார்கள். அதைத் தெரிந்துகொள்ள ஒருவர் பொய்க் காரணம் சொல்லி அவளிடமே தொலைபேசியில் பேசிக் கேட்டிருந்தார். அவன் அந்த இடத்துக்கே போய் அவளைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டான். 2003இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு முக்கியமானது. தகவலை விற்பவர், அந்தத் தகவலுக்கு உரியவரிடமும் கடமைப்பட்டவர். பின்தொடர்தலும் அடையாளத் திருட்டும் முன்கூட்டியே எதிர்பார்க்கக்கூடிய ஆபத்துகள் என்றது. தகவல் நடுநிலையானது, பயன்படுத்துகிறவனே குற்றவாளி என்ற வாதம் அங்கே செல்லவில்லை. எங்கும் செல்லக் கூடாது.

ஒருவருடைய முகவரியையும் எண்ணையும் வீட்டார் விவரங்களையும் திரட்டிப் பொதுவெளியில் போட்டு, ‘இவரைக் கவனியுங்கள்’ என்று கூட்டத்தை ஏவிவிடுவதை டாக்ஸிங் என்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் ஏற்கெனவே எங்கோ இருந்ததுதானே என்று அதைச் செய்கிறவர்கள் கேட்பார்கள். நெட்ஃபிளிக்ஸ் கதையில் அதற்குப் பதில் இருக்கிறது. சேர்ப்பதில்தான் தீங்கு இருக்கிறது. சேர்க்கும் செயலையே குற்றமாகப் பார்க்க வேண்டும். 2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும் இந்தியாவில் முஸ்லிம் பெண்கள் பலருடைய படங்களை அவர்களுடைய சமூக ஊடகப் பக்கங்களிலிருந்தே எடுத்து, ‘ஏலத்துக்கு’ என்று இரண்டு செயலிகளில் போட்டார்கள். பத்திரிகையாளர்கள், செயற்பாட்டாளர்கள், விமானி என்று பொதுவாழ்வில் குரல் கொடுத்தவர்கள் குறிவைக்கப்பட்டார்கள். அந்தப் படங்களில் எதுவும் திருடப்படவில்லை, எந்தக் கடவுச்சொல்லும் உடைக்கப்படவில்லை.

நம் மாநிலத்திலும் அக்கம்பக்கத்திலும் கடன் செயலிகள் செய்த கொடுமை இன்னொரு வகை. சில ஆயிரம் ரூபாய்க் கடனுக்காகச் செயலியை இறக்கியதும் அது கைபேசியின் தொடர்புப் பட்டியலை முழுவதுமாக எடுத்துக்கொள்ளும். தவணை தவறினால், கடன் வாங்கியவரின் படத்தை ஆபாசமாக வெட்டியொட்டி மாமனாருக்கும் மேலதிகாரிக்கும் பள்ளித் தோழிக்கும் அனுப்பும். உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் உண்டு. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவுகளையும் கோப்புகளையும் தொடக் கூடாது என்று நெறிமுறை வெளியிட்டது. ரிசர்வ் வங்கியின் கண்ணுக்கே படாத செயலிகளுக்கு அது எட்டாது. இதில் நான் அடிக்கடி யோசிப்பது ஒன்று உண்டு: அந்தத் தோழி எந்தச் செயலியையும் இறக்கவில்லை, எதற்கும் சம்மதம் தரவில்லை. அவளுடைய எண்ணை இன்னொருவரின் கைபேசி கொடுத்துவிட்டது. ‘நான் ஜாக்கிரதையாக இருக்கிறேன்’ என்பது பாதிப் பாதுகாப்புதான்.

வீடியோ அழைப்பில் பேசவிட்டுப் பதிவு செய்து பணம் பறிக்கும் கும்பலுக்கும் ஆயுதம் இதே தொடர்பு வலைதான். ‘உன் நண்பர்கள் பட்டியல் என்னிடம் இருக்கிறது’ என்ற ஒரு வரியில்தான் மிரட்டலின் முழு பலமும் இருக்கிறது. காதலித்தபோது பகிர்ந்த படத்தைப் பிரிந்த பிறகு பரப்புகிறவனோ அந்நியனே அல்ல; 33 கேள்விக்கும் விடை தெரிந்தவன்.

இந்தத் தொல்லைகள் எல்லார் மீதும் சமமாக விழுவதில்லை என்பதையும் ஷானனின் கணக்கே சொல்லிவிடுகிறது. ஊரில் ஒரே திருநங்கை, துறையில் ஒரே பெண் பொறியாளர், அரிய நோய் உள்ள ஒரே குழந்தை: இவர்களைப் பற்றிய ஒற்றைத் தகவலே பத்துப் பதினைந்து பிட் எடை கொண்டது. மறைந்துகொள்ளக் கூட்டம் தேவை. சிறுபான்மையாய் இருப்பவர்களுக்கு அந்தக் கூட்டம் இல்லை.

‘பொதுவில் போட்டீர்கள் அல்லவா, பிறகென்ன அந்தரங்கம்?’ என்ற கேள்வியைப் பாதிக்கப்பட்டவர்களிடம் காவல் நிலையத்திலும் கேட்கிறார்கள், சொந்த வீட்டிலும் கேட்கிறார்கள். ஹெலன் நிசென்பாம் என்ற தத்துவ அறிஞர் இருபது ஆண்டுகளாகச் சொல்லிவரும் பதில் எனக்குச் சரியாகப் படுகிறது. அந்தரங்கம் என்பது ரகசியம் அல்ல. ஒவ்வொரு தகவலும் ஒரு சூழலில், அந்தச் சூழலின் முறைப்படி கைமாறுகிறது. மருத்துவரிடம் சொன்னது முதலாளிக்குப் போவதும், தோழிகளுக்கென்று போட்ட படம் ஏலப் பலகைக்குப் போவதும் அந்த முறையை மீறுவதுதான்.

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு இது 2013இலேயே தெரிந்திருந்தது. அந்தரங்கப் படம் எடுக்க ஒரு பெண் சம்மதித்திருந்தாலும், பிறருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்புவது குற்றம் என்று அப்போது சேர்த்த விளக்கம், அதன் இடத்துக்கு வந்த இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவிலும் இருக்கிறது. ஒரு சூழலில் தந்த சம்மதம் இன்னொரு சூழலுக்குச் செல்லாது என்ற தெளிவு அதில் உண்டு. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதன் தொடர்ச்சியாக 2023இல் வந்த தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவர் தானே பொதுவெளியில் வெளியிட்ட தரவுக்குத் தன் பாதுகாப்பு கிடையாது என்று மூன்றாவது பிரிவிலேயே விலக்கிவைத்துவிட்டது. தண்டனைச் சட்டம் புரிந்துகொண்டதைத் தரவுச் சட்டம் மறந்தது பெருங்குறை. அதைத் திருத்த வேண்டும்.

*

தரவே வேண்டாம் என்று சொல்ல முடியாது. நோய் எங்கே பரவுகிறது, பெண்கள் எங்கே தொல்லைக்கு ஆளாகிறார்கள் என்பதை அறியப் பட்டியல்கள் தேவை. ஆளைக் காட்டாமல் ஊரை மட்டும் காட்டும் கணிதமும் இருக்கிறது. 1965இல் ஸ்டான்லி வார்னர் என்ற ஆய்வாளர் விதைத்த எண்ணம் அது. அதன் எளிய வடிவம் இது. ஒரு கல்லூரியில் 1,000 மாணவிகளிடம், ‘உங்களுக்கு இணையத்தில் ஆபாச மிரட்டல் வந்ததுண்டா?’ என்று கேட்கிறோம். பதில் சொல்லுமுன் ஒவ்வொருவரும் மறைவாக ஒரு நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் உண்மையைச் சொல்லலாம். பூ விழுந்தால் இன்னொரு முறை சுண்டி, தலைக்கு ‘ஆம்’, பூவுக்கு ‘இல்லை’ என்று சொல்லிவிட வேண்டும். ஒருத்தி ‘ஆம்’ என்றால் அது உண்மையா நாணயத்தின் வேலையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மொத்தம் தெரியும். நாணயத்தால் மட்டும் வரக்கூடிய ‘ஆம்’ ஏறக்குறைய 250. வந்தது 340 என்றால், மிச்சம் 90 பேர் உண்மை சொன்ன பாதியிலிருந்து வந்தவர்கள். ஆகவே கல்லூரியில் சுமார் 18 விழுக்காட்டினருக்கு மிரட்டல் வந்திருக்கிறது.

2006இல் சிந்தியா டுவொர்க்கும் மூன்று சக ஆய்வாளர்களும் இந்த எண்ணத்தை வளர்த்து, ஒருவர் பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவு கிட்டத்தட்ட மாறாதபடி எவ்வளவு ‘சத்தம்’ (நாணயம் தருவது போன்ற தற்செயல் பிழை) கலக்க வேண்டும் என்பதற்குத் துல்லியமான அளவுகோல் வகுத்தார்கள். அமெரிக்காவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதைப் பயன்படுத்தியது. சத்தம் கலந்தால் சிற்றூர்களின் எண்கள் சற்றுப் பிசகும். அதற்கு அங்கே பலத்த எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. துல்லியமும் மறைவும் ஒருசேர முழுதாகக் கிடைக்கா. எவ்வளவு துல்லியம் வேண்டும், அதற்காக யாருடைய மறைவைக் கொடுக்கிறோம் என்பதை வெளிப்படையாகப் பேசி முடிவு செய்ய வேண்டும்.

ஹாஷையும் முழுக்கப் பழித்துவிடக் கூடாது. கைபேசி எண்ணைக் காக்காத அதே உத்தி, படங்களின் விஷயத்தில் நன்றாக உதவுகிறது. 2021 முதல் இயங்கும் ‘ஸ்டாப்-என்.சி.ஐ.ஐ.’ என்ற இலவசச் சேவையில், தன் அந்தரங்கப் படம் பரவுமோ என்று அஞ்சுகிறவர், 18 வயது நிரம்பியவராக இருந்தால், தன் கைபேசியிலேயே அந்தப் படத்துக்கு ஒரு ஹாஷ் உருவாக்கி அதை மட்டும் அனுப்பலாம். படம் கைபேசியை விட்டு வெளியே போகாது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அந்த ஹாஷோடு ஒத்துப்போகும் படத்தைத் தடுக்கும். இது அளவைச் சிறிது மாற்றினாலும் ஏமாறாத வகை ஹாஷ்.

தொல்லைக்கு ஆளானவர்களிடம் சொல்ல வேண்டியது சிலதான். பயத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள். திரைப்பிடிப்பு, இணைப்பு முகவரி, நேரம் மூன்றையும் சேமியுங்கள். மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடி கேட்பான். 1930 என்ற எண்ணை அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பாலியல் ஆபாசப் பதிவுகள் குறித்த புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். கேட்கிற வீட்டார், ‘நீ ஏன் படம் போட்டாய்?’ என்று தொடங்காதீர்கள்.

மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் சிறிய அளவில் தரவுக் காவலர்கள்தான். குடியிருப்போர் சங்கச் செயலாளர், டியூஷன் நடத்துகிறவர், கோயில் விழாக் குழு, பழைய மாணவர் மன்றம், மருத்துவ முகாம் ஏற்பாட்டாளர் என்று எல்லாரிடமும் ஒரு எக்செல் பட்டியல் இருக்கிறது. அது ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டும் இருக்கிறது. அடுத்த முறை படிவம் அச்சடிக்கும்போது முழுப் பிறந்த தேதியைக் கேட்காதீர்கள். பிறந்த ஆண்டு மட்டும் போதும். ஒன்றேகால் பேர் இருந்த பெட்டியில் அப்போது 460 பேர் இருப்பார்கள்.